பழைய பிளாப்பி டிரைவுக்கு வெளிப்பெட்டி: முதல்முறை செய்பவர்களுக்கு

தோட்டப்புறத்து ஊர்களில் பழைய அலமாரிகளை ஒழிக்கும்போது 5.25 அங்குல பிளாப்பி வட்டுகள் இன்னும் அகப்படுகின்றன. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இவை ஓய்வு பெற்ற கிராணிமார் (தோட்ட அலுவலக எழுத்தர்கள்) வீட்டிலிருந்து வரும், தமிழ்ப்பள்ளி ஸ்டோரிலிருந்து வரும், இல்லையென்றால் கோயில் நிர்வாகத்தின் இரும்புப் பெட்டியிலிருந்து வரும். உள்ளே தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) கணக்கு இருக்கலாம், கும்பாபிஷேக மலருக்குத் தட்டிய கட்டுரைகள் இருக்கலாம். மலேசியக் கணினி வல்லுநர் முத்து நெடுமாறன், கணினியில் தமிழ் தட்டுவதற்கான முரசு மென்பொருளை உருவாக்கியது 1985இல். அதற்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நம் நாட்டில் கணினியில் தட்டிய தமிழில் எவ்வளவோ இந்த வட்டுகளைத் தாண்டி வெளியே வராமலே கிடக்க வாய்ப்பிருக்கிறது.

இன்றைய கணினியில் இவற்றைச் செருக இடம் கிடையாது. கடையில் கிடைக்கும் யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் 3.5 அங்குல வட்டுக்கு மட்டும்தான். ஆகவே ஒரு பழைய 5.25 அங்குல டிரைவைத் தேடிப் பிடித்து, கிரீஸ்வீசல் என்ற சிறிய பலகை வழியாக அதை யுஎஸ்பியோடு இணைக்க வேண்டும். இரண்டையும் மேசைமேல் திறந்தபடி போட்டும் ஓட்டலாம். ஆனால் நம் வீட்டில் பல்லி, எறும்பு, பேரப்பிள்ளைகள் எல்லாம் உண்டு. நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஒரு பெட்டி வேண்டும்.

பெட்டி என்றதும் எல்லோரும் முதலில் ரம்பத்தைத் தேடுகிறார்கள். அது தலைகீழ் வரிசை. இந்த வேலையில் முக்கால் பங்கு மின்சாரம்தான். மீதியில் பாதி, டிரைவின் சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார வைப்பது. மரவேலை கடைசியில் வருவது, தப்பினாலும் மறுபடி செய்துகொள்ளலாம்.

டிரைவும் வட்டும்

டிரைவின் மேலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். டீயாக் எஃப்டி-55ஜிஎஃப்ஆர், பானசோனிக் ஜேயு-475 போன்றவை 1.2 மெகாபைட் வகை. எஃப்டி-55பிஆர் 360 கிலோபைட் வகை. முதல் வகை 80 தடம் (வட்டில் தகவல் பதியும் வளையக் கோடு) படிக்கும், நிமிடத்துக்கு 360 சுற்று சுழலும். இரண்டாவது 40 தடம், 300 சுற்று. வாங்குவதானால் 1.2 மெகாபைட் டிரைவையே வாங்குங்கள். அது 360 கிலோபைட் வட்டுகளையும் படிக்கும். ஆனால் அந்த வட்டுகளில் அதைக் கொண்டு எதையும் எழுதக் கூடாது. அதன் தலை (வட்டைத் தொட்டுப் படித்து எழுதும் உறுப்பு) மெல்லிய தடத்தைத்தான் எழுதும், பழைய டிரைவ் அதைப் பிறகு சரியாகப் படிக்காது.

வட்டு எந்த வகை என்று லேபிள் சொல்லாவிட்டால் நடுத் துளையைப் பாருங்கள். துளையைச் சுற்றித் தடிப்பான வளையம் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் 360 கிலோபைட். 1.2 மெகாபைட் வட்டுகளில் பொதுவாக வளையம் இருக்காது.

டிரைவின் பின்புறம் 34 முனை கொண்ட, பலகையின் விளிம்பாகவே நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்பு இருக்கும். 3.5 அங்குல டிரைவுக்கான ஊசி இணைப்புக் கேபிள் இதில் ஏறாது. விளிம்பு இணைப்பி உள்ள பழைய பிளாப்பி கேபிள் தேவை. டிரைவோடு சேர்த்தே கேபிளையும் கேட்டு வாங்கிவிடுங்கள், தனியாகத் தேடினால் அலைய வேண்டிவரும். ஈப்போவில் பழைய கணினி பழுது பார்க்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கோலாலம்பூருக்குப் போகிற வேலை இருந்தால் எலக்ட்ரானிக் சாமான்களுக்கு ஜாலான் பாசார் இருக்கிறது. மற்றதற்கு இணையக் கடையான ஷாப்பீ.

மின்சாரம்

5.25 அங்குல டிரைவுக்கு 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் வேண்டும். மோட்டாரைச் சுழற்றுவது 12. சில்லுகளுக்கு 5. சாதாரண யுஎஸ்பி துளையில் 5 வோல்ட்தான் வரும், அதனால் யுஎஸ்பியை நம்பி இந்த டிரைவை ஓட்ட முடியாது.

பழைய கணினியின் பவர் சப்ளையைப் பிரித்துப் பெட்டிக்குள் வைக்கலாமே என்று தோன்றும். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், சுவிட்சை அணைத்த பிறகும் அந்தச் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதைவிட முழுதாக மூடிய, சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரையுள்ள 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை வாங்குங்கள். சிசிடிவி கேமரா மாட்டும் கடைகளில் கிடைக்கும். 230 வோல்ட் சுவரோடு நின்றுவிடும், பெட்டிக்குள் வருவது 12 மட்டும். டிரைவுக்கும் நல்லது: மின்மாற்றியின் காந்த இரைச்சல் படிக்கும் தலைக்குப் பக்கத்திலேயே வராது.

5 வோல்ட்டை அந்த 12லிருந்தே இறக்கிக்கொள்ளலாம். எல்எம்2596 சில்லு பொருத்திய, தீப்பெட்டி அளவுப் பலகைகள் சல்லிசாகக் கிடைக்கின்றன. அதன்மேல் நீல நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதன் தலையில் பித்தளைத் திருகு இருக்கும். வாங்கி வந்த பலகை எந்த வோல்ட்டில் நிற்கிறது என்று சொல்ல முடியாது. 12 வோல்ட்டை உள்ளீட்டில் கொடுத்து, வெளியீட்டில் மல்டிமீட்டரை வைத்து, திருகைச் சுற்றுங்கள். பல சுற்று சுற்றிய பிறகுதான் எண் அசையத் தொடங்கும், பலகை கெட்டுவிட்டதென்று தூக்கிப் போட வேண்டாம். 5.0க்கும் 5.1க்கும் இடையில் நிறுத்தி, திருகின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு விடுங்கள். அதிர்வில் திருகு நகராது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் டிரைவை இணைக்க வேண்டும். பழைய சில்லுகளுக்கு 7 வோல்ட் போனால் திரும்பி வராது.

டிரைவின் நான்கு முனைப் பிளக்குக்கு மோலெக்ஸ் என்று பெயர். மஞ்சள் 12, சிவப்பு 5, நடுவில் இரண்டு கறுப்பும் தரை இணைப்பு (கிரவுண்ட்). நிறத்தை மட்டும் நம்பாமல் மீட்டரால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான வயர்களில் நிறம் மாறி வருவதுண்டு. அடாப்டரின் முனையில் நடு ஊசி நேர்மின் என்பதையும் அப்படியே உறுதி செய்யுங்கள்.

12 வழியில் ஒரு 2 ஆம்பியர் பியூஸ், 5 வழியில் இன்னொன்று. இதைச் சிலர் வீண் செலவென்று விட்டுவிடுகிறார்கள். டிரைவில் இருக்கும் டான்டாலம் கெப்பாசிட்டர்கள் பல வருஷம் சும்மா கிடந்த பிறகு உள்ளேயே ஷார்ட் ஆகும் பழக்கமுடையவை, அதுவும் 12 வோல்ட் வழியில். பியூஸ் இருந்தால் அது போகும். இல்லையென்றால் கெப்பாசிட்டர் நெருப்பாகவே எரியும்.

மேசைமேல் ஒரு சோதனை

மின்சாரம் கொடுப்பதற்கு முன் டிரைவின் மஞ்சள் முனைக்கும் கறுப்புக்கும் இடையில் ஓம் அளவைப் பாருங்கள், அப்புறம் சிவப்புக்கும் கறுப்புக்கும். எண் ஏறிக்கொண்டே போய் எங்காவது நின்றால் நல்லது. ஓரிரு ஓமிலேயே படுத்துக்கிடந்தால் ஷார்ட், பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

அடுத்தது தலையைத் துடைப்பது. 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, கீழ்த் தலையையும் மேல் தலையையும் மென்மையாகத் துடையுங்கள். மேல் தலை ஒரு மெல்லிய கையில் தொங்கிக்கொண்டிருக்கும், அதைத் தூக்கி வளைத்தால் இரண்டு தலையும் நேர்கோட்டில் நிற்காது. தலை ஓடும் இரும்புத் தண்டில் பழைய கிரீஸ் பிசினாகக் காய்ந்திருக்கும். துடைத்துவிட்டு லிதியம் கிரீஸ் கொஞ்சமாகத் தடவுங்கள்.

கேபிளின் சிவப்புக் கோடு 1ஆம் முனைப் பக்கம். விளிம்பு இணைப்பில் ஒரு சிறிய வெட்டு இருக்கும், அதுவும் 1ஆம் முனைக்குப் பக்கத்தில்தான். அதைப் பார்த்துச் செருகினால் தலைகீழாகாது. ஐபிஎம் வகைக் கேபிளில் நடுவில் சில கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கும். முறுக்குக்கு அப்பால் உள்ள கடைசி இணைப்பியில் டிரைவை மாட்டி, டிரைவின் எண்ணைத் தேர்வு செய்யும் ஜம்பரை (ஊசிகள்மேல் செருகும் சிறு துண்டு) டிஎஸ்1இல் வைத்தால் அது ஏ டிரைவாக, அதாவது முதல் டிரைவாக நிற்கும். எண்ணிக்கை 0, 1 என்று தொடங்குவதால் டிஎஸ்1 என்பது இரண்டாவது நிலை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பழைய டிரைவ்களில் 150 ஓம் மின்தடைகளை ஒரே சட்டத்தில் அடக்கிய டெர்மினேட்டர் என்ற கழற்றக்கூடிய உறுப்பு இருக்கும். கேபிளின் கடைசி டிரைவில் மட்டும்தான் அது இருக்க வேண்டும். உங்கள் டிரைவ் ஒரு காலத்தில் பி டிரைவாக (இரண்டாவது டிரைவாக) இருந்திருந்தால் யாராவது அதைக் கழற்றியிருப்பார்கள், காலித் துளை மட்டும் தெரியும். இப்போது அது ஒற்றை டிரைவ், டெர்மினேட்டர் அவசியம். படித்ததையே மறுபடி படித்தாலும் வெவ்வேறு பிழை காட்டினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கீர் ஃப்ரேசர் வடிவமைத்த கிரீஸ்வீசல், வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே நேரக்கணக்கோடு பதிவு செய்வது. அதன் மென்பொருளே சுழல் வேகத்தை அளந்து சொல்லும். 300க்கோ 360க்கோ மிக அருகில் காட்ட வேண்டும்.

பெல்ட்டில் ஓடும் முழு உயர டிரைவ் கிடைத்திருந்தால் வேறொரு வேடிக்கையும் உண்டு. அடியில் இருக்கும் சக்கரத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இரண்டு வளையமாக இருக்கும். ஒன்று 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கு, இன்னொன்று 50க்கு. நம் நாட்டுக்கு 50. பழைய சோக் வைத்த குழல் விளக்கின் கீழே ஓடவிட்டு, 50 வளையத்தின் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும்வரை வேகத் திருகைச் சரிசெய்யலாம். எல்இடி விளக்கை நம்பாதீர்கள், பலவற்றில் இந்த மினுக்கல் கிடையாது. தோட்டத்து லயத்து வீடுகளில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) சோக் விளக்கு இன்னும் தொங்குகிறது, யாரிடமாவது கேட்டால் போதும்.

அளவும் பலகையும்

மேசைமேல் ஒரு வட்டாவது பிழையில்லாமல் படித்த பிறகு காலிப்பரை எடுங்கள். அரை உயர டிரைவின் உடல் அகலம் ஏறத்தாழ 146 மில்லிமீட்டர், உயரம் 41, நீளம் 200 சுமார். முகப்பு உடலைவிடச் சற்று அகலம், 149 வாக்கில் வரும். இவை பொது அளவுகள். உங்கள் டிரைவை நீங்களே அளந்துகொள்ளுங்கள், முழு உயர டிரைவென்றால் உயரம் இரட்டிப்பு.

பெட்டியின் உள் அகலம் 160, உள் உயரம் 65 இருக்கட்டும். நீளத்தில்தான் ஆட்கள் கஞ்சத்தனம் செய்வார்கள். டிரைவுக்குப் பின்னால் விளிம்பு இணைப்பி, அது மடங்கித் திரும்பும் கேபிள், மோலெக்ஸ், 5 வோல்ட் பலகை, கிரீஸ்வீசல் என எல்லாம் இருக்கின்றன. 320க்குக் குறையாமல் வையுங்கள். கேபிளை வளைத்து அமுக்கினால் இணைப்பி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு தொடர்பு விட்டுவிட்டு வரும்.

பலகைக்கு ரப்பர் மரத்தையே சொல்வேன். பால் வெட்டி முடித்த மரங்களை அறுத்து, சிறு துண்டுகளைக் கோத்து ஒட்டிய பலகைகள் நம் ஊர் மரக்கடையில் தாராளமாகக் கிடைக்கும். நிறம் வெளிர், அறுக்க மென்மை, திருகாணி நன்றாகப் பிடிக்கும். ஆனால் பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் பூஞ்சையும் துளைக்கும் வண்டும் சீக்கிரம் வரும். மருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள், உள்ளும் புறமும் வார்னிஷ் அடியுங்கள். வெளிப்பக்கம் மட்டும் அடித்தால் உள்பக்கம் ஈரம் இழுத்துப் பலகை வளைந்துவிடும்.

மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். டிரைவை நேராக மரத்தில் முடுக்கினால் அந்த அசைவு அதன் சட்டத்துக்குப் போகும். 1.2 மெகாபைட் வட்டில் ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கால் மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சட்டம் கொஞ்சம் முறுக்கினாலே தலை தடத்தை விட்டு விலகும். அதனால் இரண்டு அலுமினியக் கோணத் துண்டுகளைப் பெட்டியின் அடியில் முடுக்கி, டிரைவை அந்தக் கோணங்களில் நிறுத்துங்கள். கோணத்தில் துளையை வட்டமாகப் போடாமல் அரத்தால் கொஞ்சம் நீளமாக்கிவிடுங்கள், மரம் அசைந்தால் அசையட்டும்.

டிரைவின் பக்கத்துத் துளைகள் எம்3 திருகாணிக்கானவை. ஹார்ட் டிஸ்க் திருகாணி தடிப்பு, அதைத் திணித்தால் மரை போகும். உள்ளே நுழையும் நீளம் 5 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், சில டிரைவ்களில் பலகை பக்கத்திலேயே இருக்கிறது. நான்கையும் கையால் முடுக்கி, கால் சுற்று மட்டும் கூடுதலாகத் திருகினால் போதும்.

பிஸ்கட் டின்

மரம் மின் இரைச்சலைத் தடுக்காது. ஆகவே உள்ளே ஒரு தகர அறை வேண்டும். தீபாவளிக்கு வாங்கும் சதுர பிஸ்கட் டின் இதற்கு அருமையான சாமான். அது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. இரும்பு என்பதால் காந்த இரைச்சலைக் கொஞ்சம் தடுக்கும், வெள்ளீயம் என்பதால் பற்றவைக்கும் ஈயம் நன்றாகப் பிடிக்கும். அலுமினியத்தில் ஈயம் எளிதில் பிடிக்காது.

தகரக் கத்தரியால் வெட்டி, ஓரங்களை 5 மில்லிமீட்டர் மடித்துத் தட்டிவிடுங்கள். கையுறை போடுங்கள், வெட்டிய தகரம் சவரக்கத்திதான். இரண்டு தகடு போதும். ஒன்று டிரைவுக்கு அடியில். இன்னொன்று டிரைவுக்கும் 5 வோல்ட் பலகைக்கும் இடையில் குறுக்குச் சுவராக, கேபிள் நுழைய ஒரு வெட்டோடு. அந்தப் பலகை பின் மூலையில், தலையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்கட்டும்.

தரை வயரைப் பற்றவைக்கும் இடத்தில் அச்சு வண்ணத்தையும் உள்பூச்சையும் உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளிச்சென்று தெரிய வையுங்கள். தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும், 60 வாட் பற்றவைப்பு இரும்பு இருந்தால் சிரமமில்லை. டிரைவின் சட்டத்தில் தட்டை முனை மாட்டும் ஒரு நாக்கு பெரும்பாலும் பின்புறம் இருக்கும். அதிலிருந்து ஒரு வயர், தகடுகளிலிருந்து ஒரு வயர், அடாப்டரின் கறுப்பு வயர், மூன்றையும் ஒரே புள்ளியில் சேருங்கள். ஆளுக்கொரு இடத்தில் சேர்த்தால் அதுவே இரைச்சலுக்கு வழி.

கிரீஸ்வீசல் பலகையின் அடிப்பாகம் தகரத்தில் படாமல் பிளாஸ்டிக் கால் வைத்துத் தூக்குங்கள். அதன் யுஎஸ்பி துளை பின்பலகையில் வெளியே தெரிய வேண்டும். பக்கத்தில் 12 வோல்ட் துளை, சுவிட்ச். வெளியே போவது இரண்டு வயர்தான்.

காற்றாடி வேண்டாம். இந்த டிரைவ் சுழலும்போதுதான் அதிக மின்சாரம் குடிக்கும், சூடு பெரிதாக ஏறாது. காற்றாடி வைத்தால் முன்பக்க வாய் வழியாகத் தூசியை இழுத்துத் தலைமேல் கொட்டும். பின்பலகையில் நாலைந்து துளை போட்டு உள்பக்கம் கொசுவலை ஒட்டினால் போதும். வலையை மறக்காதீர்கள், சூடான மின்பலகை என்றால் பல்லிக்கு அவ்வளவு ஆசை. டிரைவின் முகப்பு பெட்டியின் முகத்தோடு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் முன்னாலோ நிற்கட்டும். உள்ளே தள்ளி வைத்தால் மூடும் கைப்பிடியைத் திருப்ப விரல் போகாது.

முதல் வட்டு

அரிய வட்டை முதலில் போடாதீர்கள். போனாலும் பரவாயில்லை என்ற ஒன்றைப் போட்டு, பெட்டிக்குள்ளும் மேசைமேல் படித்தது போலவே படிக்கிறதா என்று பாருங்கள். பிழை கூடியிருந்தால் திருகாணிகளைச் சற்றுத் தளர்த்தி மறுபடி பாருங்கள், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

சுவிட்சைப் போட்ட பிறகு வட்டைச் செருகுங்கள், வட்டை எடுத்த பிறகு சுவிட்சை அணையுங்கள். ஒவ்வொரு வட்டின் ஓரத்திலும் உள்ள சதுர வெட்டை ஒளி புகாத டேப்பால் மூடிவிட்டால் தவறியும் எழுதாது. தலை தெரியும் நீள்துளை வழியாக, நடுத் துளையின் ஓரத்தை விரலால் மெல்லச் சுற்றிப் பழுப்புப் படலத்தை முழுதும் பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பலாகவோ பொட்டுப்பொட்டாக இருந்தால் பூஞ்சை. நம் ஈரக்காற்றில் பாதிக்குமேல் அப்படித்தான் வரும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள். அப்படிப்பட்டதை டிரைவில் விட்டால் தலை அடைத்து, அடுத்த நல்ல வட்டையும் கீறிவிடும். தனியே எடுத்து வையுங்கள், அதைச் சுத்தம் செய்வது வேறொரு வேலை.

மாலையில் இடி கேட்டால் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், யுஎஸ்பியையும் கணினியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படித்த வட்டின் மூலப் பதிவை அப்படியே ஓர் இடத்தில் வைத்துக்கொண்டு, கோப்புகளை அதன் நகலிலிருந்து பிரித்தெடுங்கள். தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கெட்டுவிட்டதென்று அழித்துவிட வேண்டாம். யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் முறை) வருவதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. எந்த எழுத்துருவில் தட்டியது என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். அந்த எழுத்துருக் கோப்பு பல நேரம் அதே கட்டிலுள்ள இன்னொரு வட்டில் இருக்கும், ஆகவே லேபிள் இல்லாத வட்டுகளையும் விடாமல் படித்து வையுங்கள்.